கணக்கில் வராத கோல்

என் வீட்டுக்காரன் வேறு ஒருத்தியோடு சுற்றியிருந்தால்கூட எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது. ஊரில் நாலு பேராவது என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியிருப்பார்கள். நெவில் சனிக்கிழமைதோறும் சுற்றியது கால்பந்து மைதானங்களை. அதுவும் தொலைக்காட்சியில் காட்டுகிற பெரிய கால்பந்து இல்லை. வாரம் முழுக்கத் தபால் கொடுப்பவனும் குழாய் ரிப்பேர் பார்ப்பவனும் சனிக்கிழமை மதியம் தொப்பையை எக்கிக்கொண்டு ஓடுகிற கால்பந்து. லீக் வரிசையில் கீழே போய், அதற்கும் கீழே போய், குனிந்து தேடினால்தான் இவர்கள் பெயரே கிடைக்கும்.

சொந்த ஊர் அணி என்று ஒருவன் போனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இவனுக்கு எந்த அணியும் கிடையாது. யார் ஜெயித்தாலும் யார் மண்ணைக் கவ்வினாலும் ஒன்றுதான். இவனுக்கு வேண்டியது மைதானம். எங்கள் வட்டார லீகில் உள்ள ஒவ்வொரு மைதானத்திலும் ஒரு ஆட்டம் பார்த்து முடித்துவிட வேண்டும். முடித்தால் என்ன கிடைக்கும்? ஒரு மண்ணும் கிடைக்காது. இதே கிறுக்குப் பிடித்த ஆண்கள் இங்கிலாந்து முழுக்க இருக்கிறார்கள். ஒரே மாதிரி மழைச்சட்டை, ஒரே மாதிரி முதுகுப்பை. வழியில் சந்தித்தால் சௌக்கியமா என்று கேட்க மாட்டார்கள். "எத்தனை ஆச்சு?" என்பார்கள்.

இதற்கு விதிகள் வேறு. ஆட்டத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, பஸ், ரயில் தவிர எதிலும் ஏறக்கூடாது. கோலே விழாமல் சைபருக்குச் சைபர் என்று முடிந்தால் அந்த மைதானம் கணக்கில் வராது. கோல் விழுந்தாலும் அதைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை இவன் கழிப்பறையில் இருந்த நேரத்தில் அன்றைய ஒரே கோல் விழுந்திருக்கிறது. கூட்டம் கத்தியது காதில் விழுந்ததாம். ஆனால் காது சாட்சி செல்லாது என்று அடுத்த மாதம் அதே ஊருக்கு மறுபடி போய்விட்டு வந்தான்.

"இந்த விதியெல்லாம் யாரு போட்டது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான்தான்."

"அப்போ நீயே மாத்திக்க வேண்டியதுதானே?"

"விதின்னா விதிதான், கிளெண்டா" என்றான், பாராளுமன்றத்தில் நிறைவேற்றியதைப் போல.

நான் படியில் உருண்டு கணுக்கால் பிசகிய சனிக்கிழமையும் இதே கதைதான். மைதானத்தில் இருந்தவனுக்கு போன் போட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அவன் சிநேகிதன் ரோலி, "வாய்யா, என் வண்டில கொண்டுபோய் விட்டுடறேன்" என்று கூப்பிட்டிருக்கிறான். ரோலிக்கும் மைதானக் கிறுக்கு உண்டு, ஆனால் காரில் போகிற கிறுக்கு. இவன் ஏறவில்லை. இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி வந்து சேர்ந்தான். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கட்டுப் போட்டு, சூப் கொடுத்து, தூங்கவும் வைத்துவிட்டாள்.

இத்தனையும் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், இது என்றைக்காவது முடியும் என்ற நம்பிக்கைதான். ஒவ்வொரு வருஷமும் இரண்டு அணி மேல் லீகுக்குப் போகும், இரண்டு அணி கீழேயிருந்து வரும், இவனுடைய வேலை அனுமார் வாலாக நீளும். போன கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருவழியாக ஒரே ஒரு மைதானம்தான் பாக்கி என்று ஆனது. ஸ்கெல்டர்பி. என் அக்கா ஹேசல் சாட்சியாக, வாயில் வான்கோழியை வைத்துக்கொண்டு நெவில் சொன்னான்: "ஸ்கெல்டர்பி முடிஞ்சா போதும். அதுக்கப்புறம் சனிக்கிழமை உன்னோடது, கிளெண்டா."

ஷெஃபீல்டில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் நடனம் நடக்கும். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், நடுவில் டீயும் கேக்கும். எல்லாரும் புருஷனோடு வருவார்கள். எனக்கு ஜோடி ஐரிஸ் என்கிற கிழவி. அவள் என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் நெவில் நன்றாகவே ஆடுவான். அந்தத் தோளில் கை வைத்து ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

ஜனவரியில் ஸ்கெல்டர்பி போனான். சைபருக்குச் சைபர். மார்ச்சில் போனான். மறுபடியும் சைபருக்குச் சைபர். ஏப்ரலில் சீசனின் கடைசி ஆட்டம். இந்த முறை நானும் கூட வருகிறேன் என்று கோட்டை மாட்டினேன்.

"நீயா? மழை வருமாம்."

"வரட்டும். நான் என்ன சர்க்கரையா, கரைஞ்சு போறதுக்கு?"

"உனக்குப் பிடிக்காதே."

"பிடிக்காது. கோலைப் பாத்துட்டு வந்துடறேன்."

ரயில் பாதி வழிதான் ஓடியது. தண்டவாளத்தில் வேலையாம், மிச்சத்துக்குப் பதில் பஸ்ஸாம். சனிக்கிழமை வந்தால்தான் இவர்களுக்குத் தண்டவாளம் ஞாபகம் வரும். அந்தப் பதில் பஸ்ஸின் டிரைவருக்கு வழி தெரியாது. ஒரு பன்றிப் பண்ணைக்குள் போய்த் திரும்பினோம். பின்னால் ஒரு குழந்தை விடாமல் அழுதது. நெவில் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலர்ந்த முகத்தோடு, "இந்த ரோட்டுல நான் வந்ததே இல்ல" என்றான். மனுஷன் சுற்றுலா வந்திருக்கிறான்!

தார்ன்பி என்ற ஊரில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஸ்கெல்டர்பிக்கு இன்னொரு பஸ். நிழற்குடையில் கூரையைத் தவிர எல்லாம் இருந்தது. நனைந்துகொண்டு நிற்கும்போது ரோலியின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை மென்றபடி ரோலி சிரித்தான்.

"ஏறுங்கப்பா. உள்ள ஹீட்டர் போட்டிருக்கேன்."

"வேண்டாம் ரோலி" என்றான் நெவில்.

"கிளெண்டாவாவது வரட்டுமே. பாவம், கோழி மாதிரி நனையறாங்க."

நான் காரைப் பார்த்தேன். சூடான காற்று முகத்தில் அடித்தது. நான் போனால் கணக்குக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் இவனைத் தனியாக விட்டால் வழியில் எந்த மைதானத்தைக் கண்டு இறங்கிவிடுவானோ என்று பயம். "நீங்க போங்க, வரோம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஸ்கெல்டர்பி மைதானத்தை நான் என்ன சொல்ல! ஒரு பக்கம் பழைய சுரங்கத்துக் கழிவு மேடு, ஒரு பக்கம் வீடுகளின் கொல்லைப்புறம். தரை ஒரு மூலைக்குச் சாய்ந்திருந்தது, பந்தை நடுவில் வைத்தால் அதுவே கிளம்பிப் போய்விடும். பார்க்க வந்தவர்களில் நாய்களைக் கழித்துவிட்டால் ஒரு கல்யாணக் கோஷ்டிகூடத் தேறாது. டீக்கடைக்காரி நல்ல பெண். "என்ன வேணும், கண்ணு?" என்று எல்லாரையும் கேட்டாள். இறைச்சியை மாவில் மூடிச் சுட்ட பலகாரம் ஒன்று கொடுத்தாள். உள்ளே இருந்தது எந்தப் பிராணி என்று அந்தப் பிராணிக்கே தெரியாது. நெவில் அதைக் கண்ணை மூடி ரசித்துத் தின்றான். வீட்டில் நான் வைக்கும் ரோஸ்ட்டில் உப்பு கம்மி என்பவன்!

முதல் பாதியில் இரண்டு அணியும் பந்தை மாற்றி மாற்றி வானத்துக்கு அனுப்பின. ஒருவன் கொல்லைப்புறத்தில் காய்ந்த துணிக்கு நடுவே உதைத்தான். அந்த வீட்டுக்காரி பந்தைத் திருப்பி எறிந்துவிட்டுத் திட்டிக்கொண்டே துணியை எடுத்துப் போனாள். மழையில் துணி காயப்போடுகிற ஊர்.

"இவனுங்க விடிய விடிய ஆடினாலும் கோல் விழாது" என்றான் ரோலி.

"வாயை அலம்புங்க ரோலி" என்றேன். "நல்ல வார்த்தையா சொல்லுங்க."

"என்ன கிளெண்டா, ஆட்டத்துல இறங்கிட்டீங்க?"

இறங்கித்தான் விட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியதிலிருந்து நான் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். எனக்கு எந்த அணி கோல் போட்டாலும் சம்மதம். யாராவது போடட்டும், பந்து எப்படியாவது அந்த வலைக்குள் விழட்டும். ஸ்கெல்டர்பியின் ஒன்பதாம் நம்பர் ஆள் அந்த ஊர் தபால்காரன் என்று டீக்கடைக்காரி சொல்லியிருந்தாள். அவன் என் முன்னால் பந்தைத் துரத்திக்கொண்டு அசைந்து அசைந்து வந்தான்.

"ஓடுய்யா! நாய் துரத்தினா இப்படித்தான் ஓடுவியா?" என்று கத்தினேன்.

இந்த மாதிரி மைதானத்தில் ஆடுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் ஒரு கம்பிதான். அவன் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க வந்து ஓடுங்கம்மா. நான் உங்க டீயைக் குடிக்கிறேன்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டீ வேணும்னா கோல் போடு. நானே வாங்கித் தரேன்!"

"கிளெண்டா, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க" என்று நெவில் என் முழங்கையை இழுத்தான்.

"பாக்கட்டுமே. நீ ஏன் சும்மா நிக்கறே? கத்தேன்! உனக்குத்தானே கோல் வேணும்?"

"கத்தினா விழுமா?" என்றான். அவன் முகம் வெளிறியிருந்தது. இருபது வருஷ உழைப்பு, பதற்றம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது. என் கையுறையைக் கழற்றி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அது ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எதிரணிக்காரன் ஒருவன் காலியான கோலுக்கு முன்னால் நின்று வெளியே உதைத்தான். "அடப்பாவி, உனக்கு நல்ல சாவே வராது!" என்று நான் கத்த, அவனுடைய அம்மாவோ யாரோ தள்ளி நின்று என்னை முறைத்தாள். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அடுத்த சீசன் ஆகஸ்டில்தான். இன்னும் இரண்டு அணி புதிதாக வரும். இன்னும் ஐரிஸ் என் காலை மிதிப்பாள்.

அப்போதுதான் அது நடந்தது. எங்களுக்கு நேர் எதிரே, கோல் பக்கத்தில், எதிரணிக்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டினான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்படித் தட்டினான். ரெஃப்ரி விசிலை ஊதினார். பெனால்டி!

நான் குதித்தேன். ரோலியைக் கட்டிப்பிடித்தேன். டீக்கடைக்காரி கடையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். தபால்காரன் பந்தை எடுத்து, சட்டையில் சேற்றைத் துடைத்து, புள்ளியில் வைத்தான். நாலடி பின்னால் போனான். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. கோலை யாரும் பார்க்கலாம். இருபது வருஷம் நான் தனியாகச் சாப்பிட்ட சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கெல்லாம் பதிலாக, இவன் முகத்தில் வரப்போகும் சந்தோஷத்தை நான் பார்க்க வேண்டும். தபால்காரன் ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் திரும்பினேன்.

நெவில் கண்ணை மூடியிருந்தான்.

இமை தட்டியதாகச் சொல்ல முடியாது. கசப்பு மருந்தைக் கண்ட குழந்தை மாதிரி இறுக்கி, புருவமெல்லாம் சுருங்க, தாடை நெஞ்சில் முட்ட மூடியிருந்தான். உதைத்த சத்தம் கேட்டது. கூட்டம் 'ஓ' என்று அலறியது. அப்போதும் திறக்கவில்லை. ரோலி அவன் முதுகில் ஓங்கி அறைந்த பிறகுதான் மெதுவாகத் திறந்தான். முதலில் பார்த்தது என்னைத்தான். நான் பார்த்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தது.

"முடிச்சுட்டய்யா! நெவில் முடிச்சுட்டான்!" என்று ரோலி எல்லாரிடமும் கூவினான். மழைச்சட்டை ஆட்கள் நாலைந்து பேர் கை கொடுக்க வந்தார்கள்.

"இல்ல ரோலி" என்றான் நெவில். "நான் பாக்கல. கண்ணுல தூசி விழுந்துடுச்சு."

"மழையில ஏதுய்யா தூசி?"

"என்னமோ விழுந்துச்சு. பாக்கலேன்னா பாக்கலதான். கணக்குல வராது."

மழைச்சட்டைகள் துக்கம் விசாரிப்பதைப் போலத் தலையை ஆட்டினார்கள். ஒருவன், "என்ன நேர்மை பாருங்க!" என்றான். எனக்கு அவனை அந்தச் சேற்றிலேயே போட்டு மிதிக்கலாம் போலிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. வேறு கோல் விழவில்லை.

நான் இத்தனை வருஷமும் என்ன நினைத்தேன்? இவனுக்குக் கால்பந்துக் கிறுக்கு, மைதானக் கிறுக்கு, என்னை மறந்துவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன். மறதியாக இருந்திருந்தால் தேவலை. இவன் மறக்கவே இல்லை. என்னோடு ஒரு மதியத்தைக் கழிக்க வேண்டி வருமே என்று பயந்து, சேற்றிலும் மழையிலும் போய் நின்றிருக்கிறான். ஜனவரி சைபரும் மார்ச் சைபரும் உண்மையிலேயே சைபர்தானா? அது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். என் ரோஸ்ட்டை, என் பேச்சை, என் வால்ட்ஸை இவன் இவ்வளவு வெறுப்பதற்கு நான் என்ன செய்தேன்? யாரிடம் கேட்பது? அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். அவன் இரண்டடி பின்னால் வந்தான்.

ரோலியின் கார் வந்து நின்றது.

"கிளெண்டா, நீங்களாவது ஏறுங்க. இவன் திருந்த மாட்டான்."

நான் நெவிலைப் பார்த்துத் திரும்பினேன். "இன்னிக்கு ஆட்டம் கணக்குல வராதுன்னு சொன்னே, இல்ல?"

"வராது."

"நிச்சயமா?"

"பாக்கலையே, கிளெண்டா. எப்படி வரும்?"

"அப்போ எதுக்கு பஸ்ஸுக்கு நிக்கறே? வீணாப்போன நாள்தானே? ஏறு கார்ல."

அவன் முதுகுப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தான்.

"பஸ்ல வந்தேன்னா என்ன அர்த்தம்? இந்த ஆட்டத்தைக் கெடுக்க உனக்கு மனசில்லேன்னு அர்த்தம். நீ கோலைப் பாத்தேன்னு அர்த்தம். பாத்திருந்தா சனிக்கிழமை என்னோடது. நீ பாத்தியா, பாக்கலையா? வாயால சொல்ல வேண்டாம். நின்னு காட்டு, இல்ல ஏறிக் காட்டு."

ரோலிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னப்பா, என்னாச்சு?" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

நெவில் ரோட்டைப் பார்த்தான். தூரத்தில் பஸ் வருகிறதா என்று பார்த்தானோ, வராமல் இருக்க வேண்டும் என்று பார்த்தானோ தெரியாது. நில்லுடா, நின்றுவிடுடா என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவன் நின்றிருந்தால் அந்த மூடிய கண்ணைக்கூட நான் மன்னித்திருப்பேன். நான் கணுக்கால் பிசகிக் கிடந்தபோது ஏறாத கார் அது.

கார்க் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டான். சீட் பெல்ட்டையும் போட்டுக்கொண்டான்.

"நீ வரலையா?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

"இல்ல."

"நனைஞ்சுடுவே, கிளெண்டா."

கதவை நானே சாத்தினேன். ரோலி தயங்கித் தயங்கி வண்டியைக் கிளப்பினான். கார் வளைவில் மறைந்தபின் அந்த நிறுத்தத்தில் நானும் மழையும்தான். கேட்க ஆளில்லை என்பதால் நன்றாகவே அழுதேன். மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கும்போது பஸ் வந்தது.

டிரைவர் வயசானவன், வாய்க்காரன். என் செருப்புச் சேற்றைப் பார்த்துவிட்டு, "மேட்ச் பாத்துட்டு வரீங்களா, கண்ணு? யாரு ஜெயிச்சா?" என்று கேட்டான்.

"ஸ்கெல்டர்பி. ஒண்ணுக்குச் சைபர்."

"அடி சக்கை! நம்ம பசங்களா? கோல் எப்படி, நல்ல கோலா?"

"தெரியலப்பா" என்றேன். "நான் என் வீட்டுக்காரன் மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தேன்."